மாமா மாட்டிய கிராஷ் கார்டு

போன வாரம் பெரம்பலூரில் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஷோரூமில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் தன் மகனுக்கு வண்டி எடுத்துக்கொண்டிருந்தார். மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுகிற டர்ட் பைக். ஒல்லி உடம்பு, உயரமான சீட்டு, முள்ளு முள்ளாக டயர். பையன் அதைத் தடவிக்கொண்டே நின்றான். அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, நல்ல கனமாக ஒரு கிராஷ் கார்டு போட்டுக் கொடுங்கள் என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுந்து போய், "வேணாங்க, போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். யார்ரா இந்த ஆளு என்று பார்த்தார்கள். காரணம் சொல்லாமலே வந்து உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

புது டயர் வாசனை இருக்கிறதே, அது எனக்கு ஆகாது. அரியலூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நின்ற காலம் முழுக்க அந்த வாசனைதான். மதியச் சோற்றில்கூட ரப்பர் மணக்கும். அப்படியும் நான் இளைத்ததே இல்லை என்பது வேறு கதை. அந்தக் கவுண்டருக்குத்தான் செயின் ஸ்பிராக்கெட் கேட்டு ஜாபர் வந்தான். லெப்பைக்குடிக்காட்டுப் பையன். வளைகுடாவில் பாலைவன ஓரம் ஒரு கடையில் வேலை பார்த்தவன். மணலில் ஓட்ட பைக் வாடகைக்கு விடுகிற கடை. ஊருக்கு வந்ததும் பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக ஒரு டர்ட் பைக் வாங்கிவிட்டான். இனிமே அங்கே போகப்போவதில்லை, இங்கேயே பையன்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்றான். பைத்தியம்தான் என்று நினைத்தேன். ஆனால் பத்தே நாளில் எனக்கும் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டான்.

அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் தோண்டிவிட்டு விட்டுப்போன குழிகள் உங்களுக்குத் தெரியும்தானே? அதில் ஒன்றுதான் எங்கள் மைதானம். எங்கு பார்த்தாலும் வெள்ளை. கரையில் குவித்த மண்மேட்டில் கல்லாகிப்போன கிளிஞ்சல் கிடக்கும். லீவு நாளில் காலையில் போனால் வெயில் ஏறுகிறவரை அங்கேதான். ஒரு சாதாரண பைக்கை அந்த மேட்டில் ஏற்றிப் பாருங்கள், தெரியும். பாதியிலேயே பின்னால் இழுக்கும், தோள்பட்டை கழன்றுபோகும். ஜாபர் வண்டியோ இடுப்பை இப்படி அசைத்தால் அப்படித் திரும்பும். உட்கார்ந்து ஓட்டாதே, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நில், முட்டியால் டேங்க்கைக் கவ்விக்கொள், வண்டி உனக்குக் கீழே அதுபாட்டுக்கு ஆடட்டும் என்பான். கீழே விழுந்தால் ஒரு கையால் தூக்கி நிறுத்திவிடலாம், அவ்வளவு லேசு. நான் ஏறினால் மட்டும் சஸ்பென்ஷன் முனகும். "வண்டி வெயிட்டக் கொறச்சு என்ன மாப்ள பிரயோஜனம், மேல நீயில்ல ஏறுற" என்று சிரிப்பான்.

ஜாபரின் அப்பாவை அவன் அத்தா என்பான், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அரிசி வியாபாரம். வாலிப வயசில் மொபெட்டில் மூட்டை ஏற்றி ஊர் ஊராகப் போட்டவர். லோடு ஏற்றிய மொபெட் ஆடாமல் கம்மென்று போகும், காலியாகத் திரும்பும்போதுதான் காற்றில் தள்ளாடும் என்பது அவர் அனுபவம். தார் ரோட்டுக்கு அது சரிதான். ஒருநாள் ஜாபர் அவரைப் பின்னால் வைத்து ரோட்டில் வரும்போது சிமெண்ட் லாரி ஒன்று உரசினாற்போல் போக, வண்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிவிட்டது. மனுஷன் அன்றைக்கு ராத்திரி தூங்கவே இல்லையாம்.

கனம் பத்தாமல்தான் வண்டி ஆடுகிறது என்று, அடுத்த வாரம் ஜாபர் சென்னைக்குப் போயிருந்தபோது வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். முன்னால் தடித்த குழாயில் கிராஷ் கார்டு. பின்னால், நாளைக்கு வரப்போகிற மருமகள் உட்கார வேண்டுமே என்று சேலை கார்டு, இரும்புப் படி. டர்ட் பைக்குக்கு சேலை கார்டு! கடைவாசலில் பார்த்துவிட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பின்னால் இருந்ததை எல்லாம் ஜாபர் கழற்றிவிட்டான். முன்னால் இருந்ததை மட்டும் தொடவில்லை. ஏன்டா என்றதற்கு, "அத்தா பக்கத்துல நின்னு வெல்டிங் வச்சிருக்காரு மாப்ள. கழட்டுனா மனசு கஷ்டப்படுவாரு. இருந்துட்டுப் போவுது" என்றான்.

அந்த இரும்பு வண்டியையே மாற்றிவிட்டது. ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போது முன்பக்கம் அமுங்கும், திருப்பினால் ஒரு நொடி யோசித்துத்தான் திரும்பும். அரைமணி ஓட்டினாலே ஜாபர் மணிக்கட்டை உதறிக்கொள்வான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடைக்கு லீவு. ஜும்மா தொழுகைக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறினான். நான் கீழே நின்றேன். இறக்கத்தில் மாவு மாதிரி மண் சேர்ந்திருந்தது. எத்தனையோ தடவை அதன் மேல் மிதந்து வந்தவன்தான். அன்றைக்கு முன் சக்கரம் உள்ளே புதைந்தது. ஹேண்டில் திரும்பி, அவன் விழுந்து, வண்டி அவன் நெஞ்சுமேல் விழுந்தது. ஓடினேன். தூக்கினேன். ஒரு கையால் தூக்கின வண்டிதானே! கார்டு மண்ணுக்குள் குத்தி நின்றது, என்னால் அசைக்கவே முடியவில்லை. கத்தினேன். ரோட்டில் போன லாரிக்காரர் ஓடிவந்து ரெண்டு பேருமாகப் புரட்டியபோது ஜாபர் கண் திறந்தபடி கிடந்தான், மூச்சு இல்லை. அதற்குப் பிறகு கனமான எதையும் தூக்க நான் போவதில்லை. கேஸ் சிலிண்டரைக்கூட என் மனைவிதான் நகர்த்துகிறாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.  கார்டுதான் காரணமா என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவர் கேட்டது வேறு.

"வெயிட்டு பத்தலையாப்பா? இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா நின்னிருக்குமோ?"

"மண்ணு சரியில்ல மாமா. எந்த வண்டியா இருந்தாலும் விழுந்திருக்கும்."

அன்றைக்கு ஆரம்பித்தது. பெருநாளைக்குப் போனால் கேட்பார், கல்யாண வீட்டில் பார்த்தால் கேட்பார். மண்ணுதான் மாமா என்று ஒரு சொல் மாறாமல் சொல்வேன். சொல்லிவிட்டு வரும் வழியெல்லாம், உண்மையிலேயே மண்தானோ என்று நானே யோசிப்பேன். லேசாக இருந்திருந்தாலும் விழுந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?

போன வருஷம் அந்த மண்மேட்டைக் காட்டச் சொன்னார். ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிப்போனேன். மேடு இல்லை. மண்ணையெல்லாம் அள்ளிக் கொண்டுபோய்விட்டார்கள். குழி நிறைய பச்சைத் தண்ணீர், சுற்றிலும் கம்பிவேலி. நாங்கள் வண்டி ஓட்டிய தடம், லாரிக்காரர் ஓடிவந்த பாதை, எதுவும் இல்லை. கையை நீட்டி, அங்கேதான் என்று தண்ணீரைக் காட்டினேன். மாமா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சென்னையிலேர்ந்து வந்து ஓட்டிப் பாத்த அன்னிக்கே, அத்தா, வண்டி கனக்குதுன்னு சொன்னான். நாந்தான் கழட்டக்கூடாதுன்னேன்" என்றார்.

மண்ணுதான் என்று நான் ஆரம்பித்தேன்.

"தெரியும்ப்பா. நான் கேக்குறப்பல்லாம் நீ அதையே சொல்லு."

அங்கேயே, அந்த வேலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடவை கேட்டார். மண்ணுதான் மாமா என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

இந்த நோன்புக்கு முன்னால் மாமாவும் போய்விட்டார். இப்போது அதை என்னிடம் கேட்க ஆள் இல்லை.