மூக்கு நுனியில் இருந்த காவி

கூலிங் கிளாஸ் கேட்டு வந்தவர்

"அம்மிணி, இருக்கறதுலயே கறுப்பா ஒரு கூலிங் கிளாஸ் எடுத்துப் போடுங்க. சாயங்காலம் லோடு ஏத்தோணும்."

இப்படிச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவரின் நெற்றியில், வலப்பக்கம் முழுக்கச் செங்காவி. அதில் ஒரு சிங்கம் எழுதியிருந்தது. அதன் வால் புருவம்வரை இறங்கியிருந்தது. மூக்கு நுனியிலும் காவி அப்பியிருந்தது. வலது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். கூடவே அவர் மனைவி.

எங்கள் கண் பரிசோதனை மையம் ஜேடர்பாளையம் போகிற ரோட்டில், ஒரு டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்ப்பேன். கண்ணின் முன்பக்கத்தை ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் படம் எடுத்துச் சேலத்தில் இருக்கும் டாக்டருக்கு அனுப்பி, வீடியோ காலில் பேசுவேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாடத்தில் இரண்டு வரியில் முடிகிற விஷயம் நம் ஊரில் எந்தக் கோலத்தில் படியேறி வரும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

வந்தவர் பெயர் கந்தசாமி. ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே நாக்பூர்வரை போய்வரும் லாரி டிரைவர். மனைவி சரசு.

"எதுக்குங்க கூலிங் கிளாஸ்?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் பட்டா இந்தக் கண்ணு கூசுது. தண்ணியாக் கொட்டுது. அக்கி வந்திருக்குதில்லீங்க, சூடு. காஞ்சா சரியாப் போயிரும்."

அக்கிக்குக் காவி எழுதுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். மண்பாண்டம் செய்கிறவர்கள் செங்காவியைக் குழைத்து, கொப்புளம் வந்த இடத்தில் சிங்கமோ நாயோ எழுதிவிடுவார்கள். அது காயும்வரை தண்ணீர் படக்கூடாது.

எனக்கு அந்தச் சிங்கத்தின் மேல் எந்த வருத்தமும் இல்லை. மூக்கு நுனியில்தான் என் கண் இருந்தது.

ஆத்தா போயிட்டா, கிருமி போகல

அக்கி என்பது புது நோய் இல்லை. சின்ன வயதில் வந்த அதே அம்மைதான். கொப்புளம் ஆறி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். கிருமி நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பல வருடம் கழித்து, உடம்பு அசந்த நேரத்தில் எழுந்து, ஒரே ஒரு நரம்பு வழியாக ஒரு பக்கத்தில் மட்டும் வெளியே வருகிறது. நெற்றிப் பக்க நரம்பில் வந்தால் கவனம் தேவை. மூக்கு நுனிக்குப் போகிற அதன் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. அதனால் மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்குள்ளும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். மூக்கில் இல்லையென்றாலும் கண்ணைப் பார்க்காமல் விடக்கூடாது, அது வேறு.

"சின்ன வயசுல உங்களுக்கு அம்மை போட்டிருந்துச்சா?"

"இஸ்கூல்ல படிக்கறப்பப் போட்டுச்சுங்க. மாரியாத்தா அப்பவே போயிட்டாளே."

"ஆத்தா போயிட்டா. கிருமி போகல. உங்க கூடவே நாக்பூர் வரைக்கும் லாரியில ஓசியில போயிட்டு வந்திருக்கு."

அவர் சிரித்தார். சரசு அக்கா சிரிக்கவில்லை.

சார்ட்டைப் படிக்கச் சொன்னேன். இடது கண்ணில் கடகடவென்று கடைசி வரிவரை வந்துவிட்டார். வலது கண்ணில் மேலே இருக்கிற பெரிய எழுத்தோடு நின்றுவிட்டார். இன்னொரு தடவை இமைகளைக் கொட்டிவிட்டுப் பார்த்தார். துண்டை எடுத்து மறுபடியும் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டார். கனரக வண்டி லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரு கண் போனால் என்ன மிஞ்சும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மூக்குல இருக்கிற காவியை மட்டும் துடைச்சுப் பார்க்கணும். அப்புறம் கண்ணுல ஒரு சொட்டு விடணும்" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க" என்று சரசு அக்கா எழுந்தேவிட்டார். "எழுதுனதுல தண்ணி பட்டா அக்கி உள்ள போயிரும். கண்ணாடி குடுத்தாக் குடுங்க, இல்லீனா நாங்க ஊட்டுக்குப் போறோம்."

இந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்தால் நோயாளி படியிறங்கிவிடுவார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, "எழுதினவர் நம்பர் இருக்காக்கா? அவரையே கேட்டுருவோம்" என்றேன்.

போன் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். எழுதியவர் சக்கரத்தில் வேலையாக இருந்திருப்பார் போல, இரைச்சலோடு பேசினார்.

"ஏனுங், டயர் கடை மாடியில கண்ணு பார்க்கிறவ பேசறேன். மூக்கு மேல எழுதுனதைத் துடைக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"மூக்கா? மூக்குல நான் எழுதலீங்களே. நெத்தியில எழுதி, புருவத்தோட நிறுத்தீட்டேன். கண்ணுகிட்ட நான் போறதே இல்லீங்."

எல்லோரும் சரசு அக்காவைப் பார்த்தோம்.

"எழுதுன மக்யா நாளு மூக்குல ரெண்டு கொப்புளம் கெளம்புச்சு" என்றார் அவர், முந்தானையைத் திருகிக்கொண்டே. "மறுக்காப் போயி நிக்கோணுமான்னு, கொட்டாங்குச்சியில மிச்சம் இருந்த காவியை நானே பூசி உட்டுட்டேன்."

"அப்ப அது எங்கணக்குல வராதுங்க" என்றது போன். "நெத்தி மட்டுந்தான் என்னுது. மூக்கையும் கண்ணையும் நீங்களே பாத்துக்குங்க அம்மிணி."

கந்தசாமி அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீ எப்படி கைராசிக்காரியான? சொல்லவே இல்ல."

பச்சைக் கிளை

சலைனில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தேன். காவிக்கு அடியில் கொப்புளங்கள் பொருக்குத் தட்டியிருந்தன. சாயத் தாளைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் மேல் பச்சையாக, இலையுதிர்ந்த கிளை மாதிரி ஒரு கோடு படர்ந்திருந்தது. அக்கி கருவிழியைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். படம் எடுத்து அனுப்பினேன். டாக்டர் வீடியோவில் வந்தார்.

"இன்னைக்கே சேலத்துக்கு வரச் சொல்லும்மா. மாத்திரையை இப்பவே ஆரம்பிக்கணும். நாள் தள்ளத் தள்ள அதோட பலன் குறையும். கண்ணுக்குள்ள இருக்கிற பிரஷரையும் நானே பார்க்கிறேன்."

"இங்கிலீஷ் மாத்திரை எழுத்துக்குச் சேராதுங்களே" என்றார் சரசு அக்கா. முன்பிருந்த வேகம் குரலில் இல்லை.

"எழுத்து வெளிய இருக்கு, மாத்திரை உள்ள போகுது. ரெண்டும் வழியில எங்கயும் பார்த்துக்காதுங்க. சிங்கம் அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

கந்தசாமி அண்ணன் போனை எடுத்தார். லாரி ஓனருக்குத்தான். "லோடுக்கு வேற ஆளை அனுப்புங்க. நான் சேலம் போறேன். கண்ணுல அம்மையாமா. ஆமாங்க, சின்னப் பையனுக்கு வர்றதுதான், எனக்கு இப்ப வந்திருக்குது." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாரேன் அம்மிணி. கூலிங் கிளாஸை எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கறேன்."

சொன்னபடி வந்து வாங்கிக்கொண்டார். கருவிழியில் புகை போல ஒரு சின்னத் தழும்பு நின்றுவிட்டது. கடைசிக்கு முந்தின வரிவரை படிக்கிறார். வண்டி ஓட்டுகிறார். அந்த நரம்பு இன்னும் அவ்வப்போது சுரீரென்று இழுக்கிறதாம். அதற்கும் மருந்து போகிறது.

துடைக்கும் முன்

அக்கி மட்டும் இல்லை. சின்னம்மை, மணல்வாரி, பொன்னுக்கு வீங்கி எல்லாம் குழந்தைகள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு வரும்போது சிலருக்குக் கண்ணையும் தொட்டுவிடும். சிவப்பு, கூச்சம், வலி, மங்கல் என்று யார் வந்தாலும், "சமீபத்துல அம்மை போட்டுச்சா? சின்ன வயசுல போட்டுச்சா?" என்று கேளுங்கள். காவியையோ வேப்பிலையையோ கண்டு முகம் சுளிக்காதீர்கள். சுளித்தால் அவர்கள் அடுத்த பதிலைச் சொல்ல மாட்டார்கள். எங்கே பூசியது, யார் பூசியது என்று கேட்டுவிட்டுத் துடையுங்கள்.

போன வாரம் ஓர் அம்மா வந்தார். நெற்றியில் கொப்புளம், முகத்தில் காவி இல்லை.

"எழுதப் போனனுங்க. அவரு எழுத மாட்டீங்கறாரு. மொதல்ல டயர் கடை மாடிக்குப் போயிக் கண்ணைக் காட்டீட்டு வா, அப்பறந்தான் காவி கரைப்பேன்ங்கறாரு."

மூக்கைப் பார்த்தேன், சுத்தம். கண்ணைப் பார்த்தேன், தெளிவு. டாக்டரிடம் பேசி மாத்திரைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அவரிடம் சொன்னேன்:

"மாத்திரையை விட்டுடாதீங்க. கண்ணு கூசினா அன்னைக்கே வாங்க. இப்பப் போய் எழுதிக்குங்க."