ஆமை மாஸ்டரிடம் கற்றவர்கள் ஏன் ஃபெயில் ஆனார்கள்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ட்ரைவிங் ஸ்கூலில் அவருக்கு ஆமை மாஸ்டர் என்று பெயர். மனிதர் எங்கேயும் வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கே லேட்டாகத்தான் வந்தார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். கூட வேலை பார்க்கும் இன்னொருவர் ஜெட் மாஸ்டர். கூலிங் கிளாஸ், இறுக்கமான சட்டை, ஸ்டியரிங்கில் ஒரே ஒரு கை.

ஸ்கூல் வாசலில் ஓனரம்மா ஒரு போர்டு மாட்டியிருந்தார். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவர்களின் போட்டோ, கற்றுக்கொடுத்த மாஸ்டரின் பெயருக்குக் கீழே இருக்கும். ஜெட் பக்கம் இடம் போதாமல் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். இவர் பக்கம் மூன்றே போட்டோ. அதிலும் ஒன்று, காலியாக இருக்கக் கூடாதே என்று இவரே ஒட்டிக்கொண்ட இவருடைய போட்டோ.

ஒருநாள் ஓனரம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். பழைய காரை விற்கப் போகிறாராம். இருக்கிற ஒரு காருக்கு ஒரு மாஸ்டர் போதும். யார் என்று போர்டே சொல்கிறதே என்றார்.

இவருக்குத் தூக்கம் போய்விட்டது. தன்னிடம் என்ன கோளாறு என்று ஆராய்ச்சியில் இறங்கினார். முதலில் பழி தினமும் போட்டுப் போகிற பிரவுன் பேண்ட்டின் மேல் விழுந்தது. அதை மூட்டை கட்டினார். பிறகு மீசையைக் குறைத்தார். அப்போதும் யாரும் தேறவில்லை. கடைசியில் ஓனரம்மாவே கண்டுபிடித்தார். கை நடுங்குகிறவர்களுக்கு மட்டும் இவர் ஆளுக்கொரு பெப்பர்மிண்ட் கொடுப்பது வழக்கம்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க மாஸ்டர். பெப்பர்மிண்ட் தின்னவங்கதான் ஃபெயில் ஆகுறாங்க. தின்னாதவங்க ஜம்முன்னு பாஸ் பண்றாங்க. அதுல ஏதோ இருக்கு!"

இவரும் நம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, இருமலுக்காக நான் வாங்கி வைத்திருந்த பெப்பர்மிண்ட் டப்பாவையும் சேர்த்துக் குப்பையில் கொட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு ட்ரைவிங் ஸ்கூலில் போய் உட்கார்ந்தேன்.

புதிதாகச் சேர ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து ஸ்டைலாக இறங்கினாள். ஓனரம்மா அவளை ஜெட்டிடம் அனுப்பினார். அடுத்து ஒரு பல் டாக்டர். நிற்கிற காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். "நீங்க ஆமை மாஸ்டர்கிட்ட போங்க சார், பொறுமையாச் சொல்லித் தருவார்" என்றார் ஓனரம்மா. அடுத்து வந்தவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "இதுதானே பிரேக்?" என்று கேட்டார். அவரும் இவருக்கே.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். டீம் பிரிப்பதில் என்னை ஏமாற்ற முடியாது.

"மேடம், ஓடுற புள்ளைங்களை எல்லாம் ஒரு பக்கம் விட்டுட்டு, லேஸ் கட்டத் தெரியாததுங்களை எல்லாம் இன்னொரு பக்கம் விட்டுட்டு, அப்புறம் இந்தப் பக்கத்துக் கோச் சரியில்லன்னு சொன்னா நியாயமா?"

"போர்டு பொய் சொல்லுமா டீச்சர்?"

"பொய் சொல்லல. யாரை யார்கிட்ட அனுப்புனீங்கன்னு அதுல போடல, அவ்வளவுதான். பெப்பர்மிண்ட் கதையும் இதேதான். நடுங்குறவங்களுக்குத்தானே குடுத்தாரு? ஃபெயில் ஆக்குனது நடுக்கம். பெப்பர்மிண்ட் பாவம், பக்கத்துல இருந்துச்சு."

ஓனரம்மா யோசித்தார். ஜெட் கூலிங் கிளாஸைத் துடைத்தார். அடுத்த பேட்ச் மொத்தத்துக்கும் சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று முடிவானது. ஒரு பழைய ஹெல்மெட்டில் சீட்டுகளைப் போட்டு நானே குலுக்கினேன். பல் டாக்டர் ஜெட்டுக்கு விழுந்தார். குடோனில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற ஓர் ஆள் இவருக்கு விழுந்தார்.

அந்த வாரமே ஜெட் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டார். டாக்டர் வளைவுகளில் கண்ணை மூடுவதால், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஜெட்டே பார்க்க வேண்டியிருந்ததாம். இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு போவதை நானே பார்த்தேன். ஒரு மத்தியானம் இவரைத் தனியாக அழைத்துப் போய், "அண்ணே, அந்தப் பெப்பர்மிண்ட் எந்தக் கடையில வாங்குவீங்க?" என்று கேட்டாராம்.

இவருக்கோ வேறு கஷ்டம். ஃபோர்க்லிஃப்ட்காரர் ஏறி உட்கார்ந்ததும் ரிவர்ஸில் போய்ச் சந்துக்குள் காரை அழகாகச் சொருகிவிட்டார். "அடுத்து என்ன மாஸ்டர்?" என்று கேட்டிருக்கிறார். இவருக்குச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை. வெயில் அதிகம் என்று ஏதோ பேசிச் சமாளித்தாராம்.

டெஸ்ட் முடிந்த அன்று நானும் போய் நின்றேன். இவர் ஜெட்டைத் தூக்கிச் சாப்பிடப் போகிறார், ஓனரம்மா மூக்கில் விரலை வைக்கப் போகிறார் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். ஓனரம்மா பாஸானவர்களை எண்ணினார். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார்.

"ரெண்டு பேரும் சரிக்குச் சரி. சொல்லப்போனா ரெண்டு பேருமே சுமார்தான். போங்க, காரை விக்கல. ரெண்டு பேரும் இருங்க."

எனக்கு முகம் செத்துவிட்டது. இதற்கா லீவு போட்டேன்? இவருக்கோ கால் தரையில் பாவவில்லை. வழியெல்லாம் "சுமாராம்! நான் சுமாராம்!" என்று மெடல் வாங்கிய பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"இனிமே நடுங்குறவங்களை எல்லாம் மறுபடி எனக்கே அனுப்பச் சொல்லிட்டு வந்திருக்கேன். தெரிஞ்சவங்களுக்குச் சொல்லித் தர்றது ரொம்பப் போர் அடிக்குது."

"ஏங்க, உங்களுக்கு என்ன கிறுக்கா? போர்டுல உங்க பக்கம் மறுபடி காலியாயிடும். ஆமைக்குச் சொல்லித்தரத் தெரியலன்னு பாக்குறவங்க எல்லாம் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. அவங்க சிரிச்சது எனக்கு எப்பவுமே பெருசா தெரியல. இத்தனை வருஷமா அந்தப் போர்டைப் பாத்து, எனக்குச் சொல்லித்தரத் தெரியலன்னு நானும்ல நம்பிட்டு இருந்தேன்."

சண்டை போடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.