இசக்கியம்மாவின் தேயிலைக் கை

கட்டபெட்டுக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவர் இசக்கியம்மா. வாய் யாரோடு சண்டை போட்டாலும் விரல்கள் தம் பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருக்கும். முட்டிவலியால் எஸ்டேட்டை விட்டபின், சோலைக்காட்டை ஒட்டிய வனத்துறை நாற்றுப்பண்ணையில் வேலை கிடைத்தது. கலெக்டர் உத்தியோகமே கிடைத்த மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பண்ணையில் முந்நூறு நாவல் கன்றுகள், காட்டை ஆக்கிரமித்திருந்த அந்நியச் சீகை மரங்களை அகற்றிய மேல்சரிவில் நடுவதற்காக. மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றியும் முழங்கால் உயரம்தான். சோலை மரங்களுக்கு அவசரம் என்பதே கிடையாது.

ஒரு திங்கட்கிழமை, களையெடுத்தபடியே, கூட வேலை செய்யும் ராஜப்ரியாவிடம் மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி அளந்துகொண்டு போனார். வரிசை முடிந்து திரும்பினால், நாற்பது கன்றுகளுக்குத் தலையே இல்லை. மடி நிறைய இளந்துளிர்.

"வாயே தொறக்காதீங்கக்கா" என்றாள் ராஜப்ரியா.

மறுநாள் வனவர் பாலகுமார் வந்து பார்த்தார். "கடமான் பூந்திருக்குது. ஓடைக்கு எறங்குற வழியக் கம்பி போட்டு அடைச்சுப்போடலாம்" என்றார்.

இசக்கியம்மாவுக்குத் திக்கென்றது. காட்டிலிருந்து ஒரு பெட்டை மானும் குட்டியும் தினமும் அந்த வழியாகத்தான் தண்ணீருக்கு இறங்கும். கோடையில் வேறு தண்ணீரும் இல்லை. பேசாமலிருந்தால் வேலை நிலைக்கும். மத்தியானம் வரை குனிந்த தலை நிமிராமல் களையெடுத்தார். ஜீப்பிலிருந்து கம்பிச்சுருளை இறக்கியதும் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க சார், மான் ஒண்ணும் பண்ணலீங்க. நாந்தானுங்க கிள்ளிப்போட்டேன். தேயிலைக் கைங்க. என்னைய வேணா நிறுத்திருங்க. வழிய அடைக்காதீங்க."

பாலகுமார் ஒரு கன்றைக் குனிந்து பார்த்தார். "அதான் இவ்ளோ சுத்தமா இருக்குதா. மான் கடிச்சிருந்தாப் பிச்சுப் போட்டிருக்கும். நாந்தான் சரியாப் பாக்கல." சிரித்துவிட்டார். "வேர் இருக்குதுங்கம்மா, பக்கத்துல துளிர் உடும். நாளைக்கு வழக்கம்போல வந்துருங்க."

கம்பி ஜீப்பில் திரும்ப ஏறியது. போன உயிர் திரும்பி வர இசக்கியம்மாவுக்கு ஒரு டம்ளர் டீ தேவைப்பட்டது.

மூன்று வாரத்தில் மொட்டைக் கன்றுகளில் இரண்டிரண்டு துளிர்கள் எட்டிப் பார்த்தன. ஓடை வழியில் அன்றைய குளம்புத்தடம் ஈரமாகக் கிடந்தது. "அப்பாடா" என்றார் இசக்கியம்மா. பார்த்தால், வலது கை புதுத் துளிரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கையால் அந்தக் கைமேல் ஒரு போடு போட்டார்.

இப்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்த வரிசையைக் கடக்கிறார்.