களத்தில் வெட்டிய ஆறாவது குழி

கோல்ஃப் என்றால் பணக்காரர்கள் விளையாட்டு என்று நீங்கள் நினைத்தால் உங்கள் மேல் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு கொரிய மேனேஜர் இருந்தார். தரம் பார்க்கும் பிரிவில் இருந்த எங்கள் நாலு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குக் கூட்டிப்போய், வெளியாட்களும் பணம் கட்டி ஆடலாம் என்கிற ஒரு மைதானத்தில் இறக்கிவிட்டார். முதல் பந்தை அடிக்கப்போய் மண்ணைத்தான் அடித்தேன். இரண்டாவது பந்து கிளம்பியது. அது கிளம்பிய சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்ட அன்றைக்கே நான் தொலைந்தேன்.

அவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய மட்டைகளைப் பையோடு எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். மற்ற மூன்று பேரும் வேப்பம்பட்டுப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். வைக்க இடமில்லை என்றார்கள். எனக்கு ஊத்துக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு, சுற்றிலும் நிலம். கம்பெனி பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தேன்.

நிலத்தைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். பையிலிருந்து ஒரு மட்டையை உருவிப் பார்த்துவிட்டு, "இன்னாமே இது, பாம்படிக்கிற கோலா?" என்றார். சொல்லிக் கொடுக்கிறேன் என்றதற்குச் சிரித்தார். ஆனால் நான் குளித்துவிட்டு வருவதற்குள் வைக்கோல் போர் பக்கம் போய், காய்ந்த சாணி உருண்டை ஒன்றை வைத்து ஓங்கி அடித்திருக்கிறார். முகமெல்லாம் சாணித்தூளோடு வந்து நின்று, "பந்து இருந்தா குடு" என்றார். அவரும் தொலைந்தார்.

உனக்குப் பிடித்த மைதானம் எது என்று கம்பெனியில் கேட்பார்கள். நான் மூன்று மைதானங்களில் ஆடியிருக்கிறேன். ஒன்று அந்தச் சென்னை மைதானம். வருடத்தில் இரண்டு மூன்று தடவை, விடியற்காலை ரயிலைப் பிடித்து இரண்டு பேரும் போவோம். புல்லில் நடந்தால் காலுக்கு அவ்வளவு சுகம். காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டி ஆடிப் பழகியவர். பேன்ட் போட்டதும் பாதி ஆட்டம் மறந்துவிடும். இன்னொன்று மலையில். கல்யாண நாளுக்குப் போனோம். பனி மூட்டத்தில் பந்தை அடித்துவிட்டு, அது எந்தத் திசையில் போனது என்று இரண்டு பேரும் சண்டை போட்டதுதான் அதிகம். டீ நன்றாக இருந்தது. இரண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆனால் என் மைதானம் என்றால் அது மூன்றாவதுதான், எங்கள் நிலத்தில் இருப்பது.

தையில் அறுப்பு முடிந்ததும் அது திறக்கும். சித்திரையில் சொர்ணவாரி என்கிற கோடைப் பயிருக்கு உழவு ஓட்ட டிராக்டர் இறங்கினால் மூடிவிடும். ஆறு குழி. சவுக்குக் கழியில் என் பழைய புடவைத் துண்டுகளைக் கட்டிக் கொடி வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம், ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் போதும். மட்டை இல்லாவிட்டால் நாங்கள் தருவோம், காலை நாஷ்டாவும் உண்டு. பந்து நெல்தாள் கட்டையில் சிக்கினால் எடுத்துச் சமமான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சாணியில் விழுந்தால் துடைத்துக்கொள்ளலாம். அறுத்த வயலில் மேய்க்க வாத்துக் கூட்டத்தை ஓட்டி வருவார்கள். அப்போது நின்று, அதுகள் போன பிறகுதான் அடிக்க வேண்டும். எங்கள் கம்பெனிப் பெண் ஒருத்தி அவசரப்பட்டு, வாத்து போட்டுவிட்டுப் போன முட்டையைப் பந்து என்று நினைத்து அடித்துவிட்டாள். மஞ்சள் கரு அவள் முழங்கால் வரை. அதற்குக் கணக்கில் ஒரு அடி சேர்ப்பதா வேண்டாமா என்று டீ ஆறும்வரை பேசினோம்.

பந்து உருண்டு குழியில் விழ வேண்டிய இடம் வழவழப்பாக இருக்க வேண்டும். சென்னையில் அதற்குப் புல்லை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். நாங்கள் குழியைச் சுற்றி மண்ணைத் தட்டி, சாணி மெழுகிவிட்டோம். ஆறாவது குழிக்கு அந்த வேலையும் இல்லை. நெல் காயப்போடும் களமே மெழுகித் தயாராக இருந்தது. அதன் நடுவில் கடப்பாறையால் குழி வெட்டி, ஒரு பால் பவுடர் டப்பாவை இறக்கினார் என் வீட்டுக்காரர். அந்தக் களம் எங்களுடையது மட்டும் அல்ல; அவருடைய அண்ணனுக்கும் பாத்தியப்பட்டது.

என் மூத்தாரும் இவரும் பேசிக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு. உழவு ஓட்டும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. நீ வெட்டினாய் என்று இவர், நீதான் வெட்டினாய் என்று அவர். நியாயம் கேட்டால் என்னால் இன்றுவரை சொல்ல முடியாது. நானும் மூத்தார் மனைவியான என் ஓரகத்தியும் ஒரு நாள்கூடப் பேச்சை நிறுத்தவில்லை. குழம்புக் கிண்ணம் வரப்பைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆண்கள் இரண்டு பேரும் அதே குழம்பைச் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு வரும் எரிச்சலுக்கு இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டலாம் போல இருக்கும்.

ஆனால் இவர் உள்ளுக்குள் படும் பாடு எனக்குத் தெரியும். அண்ணனின் பைக் சத்தம் கேட்டால் சோற்றில் இருக்கும் கை அப்படியே நின்றுவிடும். வண்டி நிற்காமல் போன பிறகுதான் அடுத்த வாய் இறங்கும். ஒரு நாள் சொல்லியே விட்டார்: "ஒரு வார்த்த திட்டினாக்கூட போதும்மே. பேசாம போறாரு பாரு, அத்தான் தாங்க முடியல."

அதனால்தான் களத்தில் குழி வெட்டினார் என்று நான் நினைக்கிறேன். காயப்போடும் நெல்லெல்லாம் குழிக்குள் போகும். அண்ணன் கோபமாக வந்து திட்டாமல் இருக்க முடியாது. இவர் அப்படிக் கணக்குப் போட்டார். அண்ணனும் வந்தார். குழியைப் பார்த்தார். டப்பாவை எடுத்தார், மண்ணைப் போட்டு மூடினார், தட்டினார், சாணி கரைத்து மெழுகினார். டப்பாவை எங்கள் பக்கத்து வரப்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, வாயே திறக்காமல் போய்விட்டார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் இவர் வேறு இடத்தில் வெட்டினார். சாயங்காலம் அவர் மூடினார். அதற்கு மறுநாளும் அப்படியே. மாசி முழுக்க இது நடந்தது, பங்குனியிலும் நடந்தது. அண்ணனும் தம்பியும் ஒரு பேச்சு இல்லாமல், ஒருவர் வெட்ட ஒருவர் மூட, களம் மட்டும் தினமும் பளபளவென்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் சென்னைக்கு ஆடப் போனோம். சீக்கிரமே போய்விட்டதால், மைதானத்து ஆள் ஒருவர் வேலை செய்வதை முதல் தடவையாகப் பார்த்தோம். நேற்றைய குழியை மூடி, புதிதாக வேறு இடத்தில் ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். ஒரே இடத்தில் மிதித்தால் தரை கெட்டுப்போகும், ஆடுகிறவர்களுக்கும் பழகிவிடும், அதனால் தினமும் மாற்றுவோம் என்றார். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அப்போ அண்ணன் நம்ம கிரவுண்டுல வேல பாக்கறாரு" என்றார் இவர். நான் சிரித்த சிரிப்பில், பந்து அடிக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள்.

இதை ஓரகத்தியிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியுமா? மறுநாள் வரப்பில் கிண்ணம் மாற்றும்போது அவளே ஆரம்பித்தாள். "உங்க மாமா தெனம் சாணி கரைச்சிக்கினு கீறாரு. ஊட்டு வாசல ஒரு நாளு மெழுகனது இல்ல."

"அக்கா, பெரிய பெரிய கிரவுண்டுலல்லாம் இதுக்குன்னே ஆள் கீறாங்க. குழி எங்க வெக்கணும்னு அவங்க சொல்றதுதான். ஆடறவன் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது. மாமா மூடறாரே, அது பாதி வேல. புதுசா வெட்டறது மீதி பாதி. அத்த இங்க உங்க கொழுந்தன் செய்றாரு, அவ்ளோதான்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "சொல்லிப் பாக்கறேன். பேஜாரு புடிச்ச மனுஷன், இன்னா சொல்வாரோ."

ஒன்றும் சொல்லவில்லை போலிருந்தது. அதற்குப் பிறகும் சாயங்காலம் வந்தார், மூடினார், டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போனார். சித்திரை பிறந்தது. திங்கட்கிழமை டிராக்டர் வருகிறது என்று ஆனது. அதற்கு முந்தின ஞாயிறு கடைசி ஆட்டம். கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள்.

அன்று காலை வரப்பில் டப்பா இல்லை. என் வீட்டுக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிவிட்டு வந்தார். "டப்பாவையும் தூக்கிக் கடாசிட்டாருமே" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவு நாளும் அந்த டப்பாவைக் கவிழ்த்து வைப்பதையே அண்ணன் சொல்லும் ஒரு வார்த்தையாக இவர் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நல்ல வேளையாக ஆட வந்தவர்கள் பக்கத்தில் இல்லை. ஐந்து குழிகளையும் ஏனோதானோ என்று ஆடினார். அவர் அவ்வளவு மோசமாக ஆடி நான் பார்த்ததில்லை.

கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். களம் புதிதாக மெழுகியிருந்தது. குழியும் வெட்டியிருந்தது. மழைத் தண்ணீர் வடிவதற்காக ஒரு மூலையைச் சரிவாக விட்டிருப்போம். சரியாக அந்தச் சரிவில், விளிம்புக்கு அருகில், டப்பாவை இறக்கி ஓரமெல்லாம் வழித்துவிட்டு, ஒரு பச்சைத் துண்டைக் கழியில் கட்டி நட்டிருந்தது. அந்த இடத்தில் குழி வெட்ட எங்களில் யாருக்கும் மனசு வந்திருக்காது. கொஞ்சம் தவறினால் பந்து களத்தை விட்டே இறங்கி வயலுக்குப் போய்விடும். மூத்தார் மோட்டார் கொட்டாய்ப் படியில் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காத மாதிரி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் எப்போதும் கிடக்கும் துண்டு இல்லை.

என் வீட்டுக்காரர் பந்தை வைத்தார், தட்டினார். குழிக்குப் பக்கத்தில் போய், நிற்காமல் உருண்டு வயலில் விழுந்தது. எடுத்து வந்து மறுபடி வைத்தார். மறுபடியும் வயல். மூன்றாவது தடவை குனிந்தபோது கொட்டாய்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"டேய், நேரா உடாதடா. மேட்டுப் பக்கமா உட்டா தானா எறங்கும்."

இவர் நிமிரவில்லை. குனிந்தபடியே, "தெரியுது ண்ணா" என்றார். பிறகு நிமிர்ந்து, "இந்த எடத்துல எவனாவது குழி வெப்பானா? மனுஷன் ஆடறதா வேணாவா?" என்றார்.

"நான் வெச்ச எடந்தான். நீ வாயத் தொறக்கக் கூடாதாமே" என்றார் மூத்தார்.

நான் அழுதுவிட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை, கம்பெனிக்காரர்கள் முன்னாலேயே அழுதேன். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஆட்டத்தில் தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இவர் மட்டையை அண்ணனிடம் நீட்டினார். அவர் வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, தானே சொன்ன மாதிரி மேட்டுப் பக்கம் பார்த்துத் தட்டினார். பந்து மேட்டையும் தாண்டி, களத்தையும் தாண்டி, அந்தப் பக்கத்து வைக்கோல் போருக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் போரைக் கிளறித் தேடினார்கள். பந்து கிடைத்த பிறகும் அங்கேயே நின்று என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கூப்பிடவில்லை.

வெயில் ஏறியது. மூத்தார் கிளம்பும்போது, "மிச்சத்த நாளிக்குப் பாக்கலாம்" என்றார்.

"நாளிக்கு டிராக்டர் வருது ண்ணா."

"களத்துல எவன்டா ஏர் ஓட்டுவான்?"

மறுநாள் டிராக்டர் வந்து ஐந்து குழிகளையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறேன், களத்திலிருந்து இரண்டு பேர் கத்துகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. பந்து விழுந்தது என்று ஒருவர், விழவே இல்லை, நீதான் காலால் தள்ளினாய் என்று இன்னொருவர். தெருவில் இருந்தவர்கள், மறுபடியும் வரப்புச் சண்டையா என்று என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நான் சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் திட்டு ஒரு வார்த்தைகூட விடாமல் காதில் விழ வேண்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.