மெஷின் சத்தத்தில் கேட்காத காலிங் பெல்

லீவுக்கு ஸ்ரீரங்கம் வந்த மகள், பை இல்லாத வேக்குவம் கிளீனர் ஒன்றை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு சிங்கப்பூர் கிளம்பினாள். ஆள் ஊருக்குப் போனதும் வீடு பெருக்கக் கூடாது என்பார்கள். அது துடைப்பத்துக்குத்தானே என்று, டாக்சி தெரு திரும்பியதும் மெஷினைப் போட்டேன். வெறிச்சென்ற வீட்டுக்கு அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது. உள்ளிருப்பது வெளியே தெரியும் அதன் டப்பாவில் அவளுடைய நீள முடி சுருண்டு சேர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்தியபோதுதான் கதவு இடிபடுவது கேட்டது. திறந்தால் மகள்!

"எவ்ளோ நேரமா பெல் அடிக்கிறேம்மா! அதுக்குள்ள என்னைப் பெருக்கித் தள்ளிட்டியா? பாஸ்போர்ட்டை விட்டுட்டேன், தள்ளு!"

எடுத்துக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, விமானம் கிடைத்துவிட்டது. ஆனால் திரும்பி வந்தவளின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் அவள் ஊருக்குக் கிளம்பினால், போய்ச் சேர்ந்து போன் செய்யும்வரை மெஷினைத் தொடுவதில்லை. வாசல் கதவையும் சாத்துவதில்லை.