தழும்பில்லாத பழம்

தனகோடி அக்கா பழம் வாங்கப் புறப்பட்டாலே எனக்குக் கவலைதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தோல் தரம் பார்க்கிற கை அது. உண்ணி கடித்த தடம், முள் கீறிய கோடு, எதுவும் அந்த விரலுக்குத் தப்பாது. அதே கையோடுதான் பிறருக்குக் கொடுக்கத் தர்பூசணியையும் பொறுக்குவாள். பளபளவென்று, வழவழவென்று, ஒரு தழும்பும் இருக்கக் கூடாது. அறுத்தால் உள்ளே சுரைக்காய் மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

ரமலான் வந்தால் போதும், எங்களோடு வேலை பார்க்கும் தில்ஷாத்துக்கு நோன்பு திறக்க ஒரு பழம் கொடுத்துவிடுவாள். தில்ஷாத்தும் மூன்று வருஷமாக, "சூப்பரா இருந்துச்சுக்கா" என்றே அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்; உண்மையை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இந்த வருஷம் வந்தது வினை. "நீயும் ஹெலனும் வீட்டுக்கே வந்துடுங்கக்கா" என்று கூப்பிட்டுவிட்டாள். அக்கா கண்ணெதிரே பழத்தை அறுப்பார்களே! அவள் முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது.

ஹைவே ஓரக் கடைக்கு நானும் கூடவே போனேன். தரையில் கிடந்த பக்கம் மஞ்சளேறி, பழுப்புக் கீறல் விழுந்த ஒன்றைக் காட்டினேன்.

"இதை எடுக்கா. நல்லா பழுத்திருக்கு."

"இன்னாடி ஹெலன், கண்ணு தெரியலயா? இத்தினி தழும்பு! இதைப் போய் ஒரு வீட்டுக்குக் குடுப்பாங்களா?"

தழும்புள்ளதுதான் இனிக்கும் என்று கடைக்காரரும் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது? பளபளப்பான ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லப் பத்து நிமிஷம் இருந்தது. விரிப்பில் நோன்புக் கஞ்சியும் பேரீச்சையும் வந்துவிட்டன. தில்ஷாத்தின் மாமியார் வஜீதா, "வந்துடுச்சா தனகோடி பழம்!" என்று சிரித்தபடி வாங்கினார். கத்தி வைக்கும் முன்பே ஒரு கிண்ணம் சர்க்கரையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். வருஷா வருஷம் செய்கிற வழக்கம். பாவம், யோசிக்கவில்லை.

பழம் பிளந்தது. வெள்ளை. அக்கா பழத்தைப் பார்த்தாள், சர்க்கரையைப் பார்த்தாள்.

"மூணு வருஷமும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

தில்ஷாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஆசையா குடுத்ததை ரிஜெக்ட் பண்ண எனக்கு இன்னாக்கா பைத்தியமா?"

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் என்னை அதே கடைக்கு இழுத்துப்போய், இருந்ததிலேயே அசிங்கமான பழத்தை எடுத்தாள். ஆட்டோவில் அதன் தழும்பை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தாள். தில்ஷாத் வீட்டுப் படியேறும்போதே சத்தம் போட்டாள்.

"ஏ தில்ஷாத், அந்தச் சக்கரையை உள்ள எடுத்து வைடி!"