அசமோதகம் அக்கா

தொண்ணூற்றாறில் றக்வானத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கோகிலா ஆயாவாகச் சேர்ந்த முதல் கிழமையே, கொழுந்து பறிக்கப் போன அனிற்றாவின் கைக்குழந்தை வயிறு உப்பி அழுதது. ஓமத்தண்ணி கொடுத்தால் அடங்கும் என்று கோகிலா நம்பினாள். மற்றப் பிள்ளைகளைத் துணை ஆயாவிடம் விட்டுவிட்டு, குழந்தையோடு சிங்கள முதலாளியின் கடைக்கு ஓடினாள்.

சிங்களம் நன்றாகப் பேசுகிறவளுக்கு ஓமத்தின் சிங்களப் பெயர் மட்டும் தெரியவில்லை. முதலாளி சீரகத்தைக் காட்டினார், கொத்தமல்லியைக் காட்டினார். குழந்தை வீறிட்டது. கோகிலா வெட்கத்தை விட்டு, வயிற்றைத் தடவிக் காட்டி, காற்றுப் பிரியும் சத்தத்தை வாயால் எழுப்பினாள்.

"அசமோதகம்னு சொன்னா போதுமே, நங்கி," என்று முதலாளி ஓமத்தை எடுத்துக் கொடுத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அவித்து ஆறிய ஓமத்தண்ணி சில சொட்டு உள்ளே போனதும், குழந்தை அதே சத்தத்தோடு காற்றைப் பிரித்துவிட்டு உறங்கியது.

பால் கொடுக்க வந்த அனிற்றா, "அழுதானாக்கா?" என்றாள்.

"அழுதான். அப்புறம் கடையில நான் பேசின சிங்களத்த அவனும் பேசினான்."

கதை அன்றைக்கே லயத்து வீடுகளெல்லாம் பரவியது. அசமோதகம் அக்கா என்ற பெயரும் அவளுக்கு நிலைத்தது.